வீராயியின் வலது காது

வீராயியின் இடது காது செத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. வேலை செய்வது வலது காது ஒன்றுதான். அந்த ஒற்றைக் காதை நம்பி ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆபீஸே நடக்கிறது என்று சொன்னால் அவள் சொந்த ஊரான வையம்பட்டிப் பக்கம் யாரும் நம்பமாட்டார்கள். கூடப் பிறந்த அக்காளே நம்பவில்லை. "கேக்குறதுக்கு எவடி வேலை போட்டுக் குடுப்பா? பாத்திரம் தேய்க்கிறேன்னு சொல்ல வெக்கமா இருந்தா சும்மா இரு" என்றாள்.

அம்மா மண்டபம் சாலையில் ஒரு மாடிவீடு, அதுதான் ஆபீஸ். காவிரியில் வாழும் நீர்நாய்களைக் காப்பாற்றுவது அங்கே வேலை. பொறுப்பில் இருப்பவள் மகாலட்சுமி. கம்ப்யூட்டர் படித்த பெண், முப்பது வயது, ஏ.சி. அறையில் உட்கார வேண்டியவள் ஆற்று மணலில் வெயிலைக் குடித்துக்கொண்டு அலைகிறாள். முக்கொம்பிலிருந்து தொட்டியம் வரைக்கும் கரையோர மரங்களில் டிபன் பாக்ஸ் அளவில் பதினான்கு பெட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறாள். பெட்டிக்குக் கண் கிடையாது, காது மட்டும். சுற்றிலும் கேட்கிற அத்தனை சத்தத்தையும் அது பிடித்து வைக்கும்.

எதற்கு என்றால், தோட்டாவுக்கு. குவாரியில் பாறை பிளக்கிற வெடிமருந்துக் குச்சிக்குத்தான் அந்தப் பெயர். வலை வீசிப் பொறுமையாக மீன் பிடிக்க உடம்பு வணங்காத சில பேர், திரியைப் பற்றவைத்து ஆழமான மடுவில் அதை எறிவார்கள். மீன்கள் வயிறு மேலே தெரிய மிதக்கும். அந்த மீனைத் துரத்திக்கொண்டிருந்த நீர்நாயும் கூடவே மிதக்கும். தோலில் ஒரு கீறல் இருக்காது, உள்ளே ஈரல் கூழாகியிருக்கும்.

வீராயி முதலில் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனாள். ஒருநாள் மகாலட்சுமி ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இது தோட்டாவா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றோடு நின்ற வீராயிக்குப் பொறுக்கவில்லை.

"அது லாரி டயரு வெடிச்சதுங்க. நாலு சத்தத்துக்கு முன்னாடி ஒண்ணு போட்டீங்களே, அதுதான் தோட்டா."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"வேட்டு காதுல அறையுங்க. தோட்டா வயித்துல குத்தும். தண்ணிக்குள்ள போட்டா, தும்மலை அடக்குனாப்ல இருக்கும்."

மகாலட்சுமி மேலும் இருபது சத்தம் போட்டுக் காட்டினாள். இருபதும் சரி. மறுவாரம் பெருக்குவதற்கு வேறு ஆள் வந்தது. வீராயி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டு இது தோட்டா, இது வேட்டு, இது இடி, இது டயர் என்று பொத்தானை அமுக்க வேண்டும். அவள் போட்டுக்கொடுத்த குறிகளைப் படித்துத்தான் மெஷின் கற்றுக்கொள்ளும், பிறகு தானே பிரிக்கும் என்று சொன்னார்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் மெஷினுக்கு வாத்தியார் ஆனாள்.

அந்தக் காதுப் பழக்கம் சும்மா வந்ததல்ல. வையம்பட்டிக்குத் தெற்கே ஒரு குவாரியில் பதினைந்து வயதிலிருந்து ஜல்லி சுமந்தவள். புருஷன் நல்லுச்சாமியும் அங்கேதான். வெடி வைக்கிறவன் சுடலைமுத்து என்ற தெற்கத்தி ஆள். திரியைப் பற்றவைக்கும் முன்னால் அவன் விசில் அடிக்க வேண்டும்: இரண்டு குட்டை, ஒரு நீளம். அதைக் கேட்டதும் பள்ளத்தில் இருப்பவர்கள் ஓடிப்போய்ப் பாறை மறைவில் ஒதுங்குவார்கள். அதுதான் குவாரிச் சட்டம், அதுதான் உயிர்.

ஒரு நாள் மத்தியானம் சுடலைமுத்துவின் வாயில் பீடி இருந்தது, விசில் சட்டைப் பையில் இருந்தது. எல்லாரும் சோற்றுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துப் பற்றவைத்துவிட்டான். நல்லுச்சாமி மறந்து வைத்த கடப்பாரையை எடுக்கப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தான். மேலே விளிம்பில் சோற்றுத் தூக்கோடு நின்ற வீராயியைத் தூக்கி ஜல்லிக் குவியலில் அடித்தது வெடி. எழுந்து பார்த்தபோது அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நல்லுச்சாமியை மூன்று சாக்கில் அள்ளினார்கள்.

சுடலைமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். வீராயி கல்லுடைக்கிற சுத்தியலை எடுத்து அவன் வாயிலேயே அடித்தாள். மூன்று பற்கள் மண்ணில் விழுந்தன. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது பிடித்துவிட்டார்கள். பிறகு பஞ்சாயத்து. அவன் வேண்டுமென்று செய்யவில்லை, இவள் வேண்டுமென்றே அடித்தாள், ஆக இதற்கும் அதற்கும் சரியாகப் போயிற்று என்று பேசி முடித்தார்கள். மூன்று பல்லும் ஒரு மனுஷனும் ஒரே தராசில் ஏறிய கதை இது. பேசி முடித்தவர்கள் இன்றைக்கும் ஊரில் பெரிய மனுஷர்கள்தான்.

சாவுக்குத் தப்பு மேளம் அடித்தார்கள். வீராயி பார்த்தாள், குச்சி தோலில் விழுவது தெரிந்தது, சத்தம் இல்லை. ஒப்பாரி வைத்த வாய்கள் திறந்து மூடின. கட்டின புருஷனின் கடைசி ஊர்வலம் அவளுக்கு ஊமைப்படமாகப் போயிற்று. பத்து நாள் கழித்து வலது காது மட்டும் திரும்பி வந்தது. அதற்கப்புறமும் அதே குவாரியில் மூன்று வருஷம் சுமந்தாள், வயிறு இருக்கிறதே. சுடலைமுத்துவும் அங்கேயே இருந்தான். அன்றிலிருந்து ஒரு வெடிக்குக்கூட அவன் விசில் அடிக்க மறக்கவில்லை. முன்பல் இல்லாததால் விசிலுக்கு முன் 'ஸ்ஸ்' என்று ஒரு காற்று கசியும். தினம் அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் குமட்டும்.

இப்போது அவள் செய்த தப்புக்கு வருவோம். பாடை போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்பது எல்லாருக்கும் உள்ள வழக்கம். வீராயி அதைக் கம்ப்யூட்டர் முன்னாலும் செய்தாள். ஹெட்போனில் சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் வந்தால் உடனே அதைக் கழற்றுவாள், செருப்பைத் தள்ளிவிடுவாள், அந்த ஃபைல் ஓடி முடிகிறவரை எழுந்து நிற்பாள். பிறகு 'சாவு' என்று குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். யாருடைய சாவையோ ஒட்டுக்கேட்பது அவளுக்குப் பாவமாகப் பட்டது. தன் புருஷன் சாவையே கேட்காத காது ஊரான் சாவைக் கேட்டு என்ன செய்ய என்ற வலியும் இருந்தது. கால் மரத்துப்போய் நிற்கிறாள் போலிருக்கிறது என்று மகாலட்சுமி நினைத்துக்கொண்டாள். மெஷினுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா? தப்புச் சத்தம் கேட்டால் உள்ளே வேறொன்றையும் தேட வேண்டாம் என்று அது படித்துக்கொண்டது.

வைகாசியில் முதல் நீர்நாய் செத்து ஒதுங்கியது. ஆவணிக்குள் ஒன்பது. தொட்டியம் பக்கத்து வனக்காவலர் பிரவீன்ராஜ் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்பதாவது ஒரு தாய். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தபோது அதன் முலைக்காம்பில் பால் உறைந்திருந்தது, வாயில் ரத்தம். குட்டிகள் எங்கேயோ பசியில் கத்திச் செத்திருக்கும் என்று பிரவீன்ராஜ் சொன்னான். பரிசோதனை செய்த டாக்டர் நுரையீரல் வெடித்திருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். ஆனால் அந்த நாட்களில் பதினான்கு பெட்டியிலும் ஒரு தோட்டாகூட இல்லை என்றது மெஷின்.

"டாக்டர் வெடிங்கறார், மெஷின் இல்லங்குது. யாரை நம்புறது?" என்று மகாலட்சுமி கத்தினாள். "இது செத்த அன்னைக்கு நீ அந்தப் பக்கம் ரோந்து போகலையா?"

"எங்கங்க போறது? பெரிய சாவு ஒண்ணு, ரோடு பூராக் கூட்டம். வண்டி நகரல" என்றான் பிரவீன்ராஜ். கொஞ்சம் யோசித்து, "எட்டாவது செத்தப்பவும் ஒரு சாவுதாங்க" என்றான்.

வீராயி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எழுந்து வந்து மகாலட்சுமி முன்னால் நின்றாள்.

"சாவுன்னு குறி போட்டதை எதையும் நான் கேக்கலம்மா. கழட்டி வெச்சிட்டு நின்னேன்."

"எத்தனை ஃபைல்?"

"அறுவத்தொண்ணு."

மகாலட்சுமி கையிலிருந்த பேனாவைச் சுவரில் விட்டெறிந்தாள். "அதைப் பாத்துத்தானேக்கா மெஷின் கத்துக்கிச்சு! சாவு மேளம் அடிச்சா என்ன வேணா பண்ணிக்கோன்னு நாமளே கதவைத் தொறந்து விட்டிருக்கோம்!" அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீராயி குனிந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்பதும் தன் தலையில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்றும் மறுநாளும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் விட்ட அறுபத்தொன்று, மெஷின் தானாகத் தள்ளியது நாற்பது, எல்லாச் சாவையும் கேட்டாள். தாய்மார்களின் அலறல், தப்பு, சங்கு, குடிகாரர்களின் விசிலடி, வேட்டுமேல் வேட்டு. அந்த இரைச்சலுக்கு அடியில் பதினோரு இடத்தில் அடக்கிய தும்மல். பதினோரு தும்மலுக்கும் முன்னால், எங்கோ தூரத்தில், 'ஸ்ஸ்' என்று ஒரு கசிவு. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னாள். "சுடலைமுத்து."

"விசிலை வெச்சா ஆளைச் சொல்றீங்க? எப்படி அவ்வளவு உறுதி?"

"அந்தப் பல்லை ஒடைச்சது நான்தான்."

விசாரித்ததில், குவாரி மூடினபிறகு அவன் தொட்டியம் பக்கம் வந்து பரிசல் வைத்திருப்பது தெரிந்தது. முப்பது வருஷம் வெடிவைத்து அவன் காதும் போய்விட்டதாம், முகத்துக்கு நேரே நின்று கத்தினால்தான் பாதி புரியுமாம். தன் விசில் தனக்கே கேட்காது, ஆனாலும் அடிக்காமல் அவன் பற்றவைப்பதில்லை. ஆனால் ஒரு விசிலை வைத்துக் கேஸ் நிற்காது, கையும் களவுமாகப் பிடியுங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அடுத்த சாவுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படிக் காத்திருப்பது எவ்வளவு கேவலமான வேலை என்று வீராயிக்கு வாயெல்லாம் கசந்தது.

எட்டாம் நாள் தொட்டியத்தில் ஒரு வாழைக்காய் மண்டிக்காரர் காலமானார். தெருவுக்குத் தெரு கண்ணீர் அஞ்சலி பேனர். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பூப்பல்லக்கு எடுப்பு. சுடுகாட்டுப் பாதையை ஒட்டி ஒரே ஒரு ஆழமான மடு. நாணல் மறைவில் பிரவீன்ராஜும் இன்னொரு காவலரும் உட்கார்ந்தார்கள். அத்தனை இரைச்சலில் விசிலைப் பிரித்துச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் வீராயியும் போனாள். "விசில் கேட்டா கையைத் தூக்குங்க, அது போதும். தண்ணிப் பக்கம் எறங்கிடாதீங்கக்கா" என்று மகாலட்சுமி மூன்று தடவை சொல்லி அனுப்பினாள்.

மூன்று வருஷமாக நீர்நாய்க்கு வேலை செய்தவள் உயிரோடு ஒன்றைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஐந்து இருந்தன, இரண்டு குட்டி. திட்டு மணலில் புரண்டு உடம்பைத் துடைத்துக்கொண்டு, கீச்சுக்கீச்சென்று ஒன்றையொன்று திட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கின. ஒரு குட்டி தன் தலையைவிடப் பெரிய கெண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மல்லாந்து மிதந்தது. வீராயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தப்பு நெருங்கியது. வேட்டு வெடிக்க ஆரம்பித்தது. அதற்குள் 'ஸ்ஸ்' என்றது காற்று. வீராயி கையைத் தூக்கினாள்.

தூக்கியும் பிரயோஜனம் இல்லை. காவலர்கள் நாணலை விட்டு வெளியே வருவதற்குள் சுடலைமுத்துவின் பரிசலிலிருந்து முதல் தோட்டா மடுவில் விழுந்துவிட்டது. தண்ணீர் ஒரு முழம் எழும்பி அமர்ந்தது. வெள்ளை வெள்ளையாக மீன்கள் மேலே வந்தன. குட்டிகள் இரண்டும் எட்டத் தண்ணீரில் கீச்சிட்டு நீந்தின. மீன்களின் நடுவே பெரிய நீர்நாய்கள் இரண்டின் பழுப்பு உடம்புகள். ஒன்று இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது, மூக்கிலிருந்து நுரை நுரையாக ரத்தம். பிரவீன்ராஜ் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து பரிசலைப் பிடித்தான். அதில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த கூட்டாளி மறுபக்கம் குதித்து நீந்திப் போய்விட்டான். சுடலைமுத்து துடுப்பை எடுத்துப் பிரவீன்ராஜின் நெற்றியில் ஓங்கி ஒரு போடு போட்டான், தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடி தோளில். இன்னொரு காவலர் பிரவீன்ராஜின் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தண்ணீர் சிவந்தது.

சுடலைமுத்து மணல் திட்டில் ஏறி நின்றான். கிழவனாகியிருந்தான், ஆனால் கை நடுங்கவில்லை. மடியிலிருந்து அரைக் குச்சி ஒன்றை எடுத்துப் பீடி நெருப்பில் திரியைப் பற்றவைத்துத் தூக்கிப் பிடித்தான்.

"கிட்ட வந்தீங்க, மூஞ்சியிலயே வீசிருவேன்! போங்கடா!"

காவலர்கள் நின்றார்கள். வீராயி நிற்கவில்லை. மகாலட்சுமி சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ, கரையிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரைக் கடந்து, அவனுக்கு இருபதடி தூரத்தில் போய் நின்றாள். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பல்லில்லாத வாய் திறந்தது.

"வீராயியா?"

திரி பொரிந்துகொண்டிருந்தது. நல்ல திரியாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கும், அவன் அந்தக் கணக்கில்தான் பிடித்திருந்தான். இது நமுத்துக் காய்ந்த திரி, மளமளவென்று ஓடிவிடும். நெருப்பு குச்சியின் உறைக்குள் இறங்கிவிட்டால் பொரிகிற சத்தம் நின்று ஊசிபோல ஒரு சீறல் வரும். குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கு அது எமன் குரல். வீராயியின் வலது காதுக்கு அந்தச் சீறல் கேட்டது. செவிடனுக்குக் கேட்கவில்லை. காவலர்களுக்கு அது என்னவென்று தெரியாது.

அவன் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். வாயால் சொல்ல வேண்டியதுகூட இல்லை. வீசு என்று கையால் ஒரு சைகை போதும், முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக வீசியிருக்கும். வீராயியின் கை எழுந்தது. எழுந்து, வலது காதை இறுகப் பொத்திக்கொண்டது.

வெடித்தது.

புகை விலகியபோது சுடலைமுத்து மணலில் உட்கார்ந்து தன் வலது கையைத் தேடிக்கொண்டிருந்தான். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெள்ளை எலும்பும் தொங்குகிற தோலும்தான். முகத்தின் ஒரு பக்கம் கருகி ஒரு கண் மூடிக்கொண்டது. "விசில் அடிச்சனே" என்றான். "விசில் அடிச்சனே, விசில் அடிச்சனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். வீராயி புடவைத் தலைப்பைக் கிழித்து அவன் முழங்கைக்குக் கீழே முறுக்கிக் கட்டினாள். ரத்தம் நிற்கிறவரைக்கும் முறுக்கினாள். அவன் மயங்கிச் சாய்ந்தான். கரையில் மண்டிக்காரரின் பல்லக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

பிரவீன்ராஜுக்கு நெற்றியில் ஒன்பது தையல். சுடலைமுத்து போலீஸ் காவலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆபத்தைப் பார்க்காமல் அருகே போய்க் குற்றவாளியின் உயிரையும் காப்பாற்றிய பெண் என்று பேப்பரில் வீராயி படம் வந்தது. அக்காள் போன் பண்ணி அழுதாள். அன்றைய சம்பவம் முழுவதும் மடுவோர மருத மரத்துப் பெட்டியில் பதிவாகியிருந்தது. திங்கட்கிழமை அந்த ஃபைல் ஆபீசுக்கு வந்தது.

"இது கோர்ட்டுக்குப் போற ஃபைல்க்கா. நீங்க திரும்பக் கேக்க வேணாம், நானே குறி போட்டுடறேன்" என்றாள் மகாலட்சுமி.

"என் வேலைம்மா அது" என்று வீராயி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

எல்லாம் இருந்தது. தப்பு, வேட்டு, விசில், முதல் தோட்டா, பிரவீன்ராஜின் கெட்ட வார்த்தை, துடுப்படி, சுடலைமுத்துவின் கத்தல். கடைசியில் மெல்லிசாக அந்தச் சீறல், நாலு விநாடி. பிறகு வெடி. 'வீராயியா?' என்று அவன் கேட்டதைத் தவிர வீராயி அதில் எங்கேயும் இல்லை. கையைக் காதில் வைத்ததற்கு என்ன சத்தம் வரும்? பிரவீன்ராஜ் கண்ணில் ரத்தம், மற்றவர் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தார். பார்த்தது இரண்டே பேர். அதில் ஒருவன் தனக்கு எச்சரிக்கை வந்திருக்கலாம் என்பதே தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

'தோட்டா' என்று குறி போட்டாள். கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு, அதில் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: 'வெடிக்கப் போவுதுன்னு வீராயிக்கு நாலு செகண்டு முந்தியே தெரியும். அவன் பாத்துக்கிட்டு இருந்தான். வீசச் சொல்லி கை காட்டல. தன் காதைப் பொத்திக்கிட்டா.'

தோளுக்குப் பின்னால் நின்று படித்த மகாலட்சுமியின் முகம் வெளுத்தது.

"அழிங்கக்கா. தயவுசெஞ்சு அழிங்க. முன்பகைன்னு சொல்லி அவன் வக்கீல் கேஸையே ஒடைச்சிடுவான். உங்க மேலயே கேஸ் திரும்பும்."

வீராயி அழிக்கவில்லை. மகாலட்சுமி நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டென்று அவள் குரலில் ஒரு தெம்பு வந்தது.

"சரி, இதைச் சொல்லுங்க. நீங்க கை காட்டியிருந்தா அவன் எங்க வீசியிருப்பான்? தண்ணியிலதானே? அங்க குட்டிங்க ரெண்டும் உயிரோட இருந்துச்சு. குட்டிங்களைக் காப்பாத்தத்தான் நீங்க சும்மா நின்னீங்க. அதையும் எழுதுங்க, அப்ப யாரும் உங்களைத் தப்பா சொல்ல முடியாது."

வீராயி அவளைப் பார்த்தாள். நல்ல பெண், வளைத்து வளைத்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வீராயிக்கு எவ்வளவோ ஆசையாகத்தான் இருந்தது.

"இல்லம்மா" என்றாள். "அப்ப எனக்குக் குட்டி நெனப்பே வரல."